புளியங்கொட்டைக்கு ஒரு திட்டு

அனுப்பின மெசேஜுக்குக் கீழ ஒத்த டிக்குதான். நேத்தும் ஒத்த டிக்கு, முந்தா நேத்தும் ஒத்த டிக்கு, இப்ப கராச்சி சதர்ல மினி பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால பொம்பளைங்களுக்குன்னு கம்பி போட்டுத் தடுத்து வச்சிருக்கிற கூண்டுல ஒரு ஓரமா ஒடுங்கி உக்காந்து போனைத் திறந்தாலும் அதே ஒத்த டிக்கு. கோமதிக்கு அதைப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு. போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெளிவா சொல்லித் தொலைக்காம இதென்ன ஒரு அரைகுறைக் கோடு, மூணு நாளா மனுஷியை அறுக்குது. அப்படி நினைச்ச மறு நொடியே, தொலைங்கிற வார்த்தை தொண்டையில மீன் முள்ளு மாதிரி குறுக்கால நின்னுச்சு. அந்த வார்த்தைதான். அதுக்கு முன்னால இன்னொரு வார்த்தையைச் சேத்து, இதே சதர் ஸ்டாப்புல வச்சு, சிநேகிதி தஸ்கீன் மூஞ்சியில விட்டெறிஞ்சவ இவதான். செத்துத் தொலை. வேற யாரு சொன்னா? வாயில நாக்குக்குப் பதிலா கத்தரிக்கோலை வச்சுக்கிட்டுத் திரியிற கோமதி, சட்டக் காலேஜ் மூணாம் வருஷம், தமிழாளுங்க குடியிருக்கிற மதராசி பாடாவோட ஒரே வருங்கால வக்கீலு, அவதான் சொன்னா. தஸ்கீன் காதுல வாங்கிக்கிட்டா. ‘அச்சா’, சரின்னா. பஸ் ஏறிப் போயிட்டா. அதுலேருந்து அவ போன் செத்துக் கிடக்கு. போன் மட்டும்தான் செத்துக் கிடக்கு, அதுக்கு மேல யோசிக்காத, வெளிய பாரு, பழக்கடையைப் பாரு, சீதாப்பழம் வந்துடுச்சு பாரு. பாத்தா. சீதாப்பழம் கண்ணுல படல. கிளம்பறதுக்கு முன்னாடி தஸ்கீனோட அண்ணன் ஃபராஸுக்குப் போன் போட்டதுதான் மறுபடி மறுபடி காதுல ஓடுச்சு. ‘இப்ப யாரும் பேச முடியாதுங்க, வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் போடுங்க.’ அவ்வளவுதான், வச்சுட்டான். அவன் குரலுக்குப் பின்னால நிறையப் பொம்பளைங்க ஒண்ணா முனகுற மாதிரி ஒரு சத்தம். ஆளுங்க வந்திருக்காங்கன்னா எதுக்கு வந்திருக்காங்க? கேட்டிருக்கலாம்ல? ஜட்ஜு முன்னால நிறுத்தினா அரைமணி நேரம் மூச்சு விடாம பேசறவளுக்கு, உன் தங்கச்சி இருக்காளான்னு ஒரு கேள்வி கேக்க நாக்கு எழும்பல.

பஸ் நகராம நின்னுக்கிட்டே இருந்துச்சு. கண்டக்டர் தகரத்தைத் தட்டித் தட்டி ஜனத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தான். வெளிய பாத்தா பஸ்ஸு நெத்தியிலேருந்து வாலு வரைக்கும் மயிலும் ரோஜாவும் சங்கிலியுமா கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கும், உள்ள வந்தா பொம்பளைங்களுக்கு ஆறு சீட்டு. அந்த ஆறுலயும் ஒண்ணுல இப்ப ஒரு ஆம்பளை, மீசையும் மடியில டிபன் கேரியருமா, ஏதோ மாமனார் வீட்டு சோபாவுல உக்காந்த மாதிரி. வேற நாளா இருந்தா கோமதி அவனை இந்நேரம் எழுப்பி, மன்னிப்பு கேக்க வச்சு, பின்னால அனுப்பியிருப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒருத்தனைத்தான் அப்படி அனுப்பினா. ‘அங்கிள், அந்தப் போர்டுல பொம்பளைங்கன்னு எழுதியிருக்கு, உங்களுக்கு அந்தக் குறை எப்பலேருந்து?’ன்னு கேட்டப்ப பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்காம, பக்கத்து சீட்டுல ஒருத்தி, ஒல்லியா, மூக்கு நுனியில நீலப் பெயின்ட்டோட, ரொட்டி சுத்தி வந்த காகிதத்துல பால்பாயின்ட் பேனாவால இவளை வரைஞ்சுக்கிட்டு இருந்தா. இறங்கறப்ப நீட்டினா. வாயைப் பிளந்து, புருவம் ரெண்டும் நெத்தி உச்சிக்கு ஏறி, ஒரு விரல் காத்துல. ‘நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?’னு கோமதி சண்டைக்குப் போனா. ‘சண்டை போடறப்ப மட்டும்தான் அழகா இருக்கீங்க’ன்னா அவ. அதுதான் தஸ்கீன். அதுக்கப்புறம் மார்ச் மாசம் பொம்பளைங்க ஊர்வலத்துக்கு அட்டை எழுதினதெல்லாம் ரெண்டு பேரும் சேந்துதான், வார்த்தை இவளோடது, படம் அவளோடது. ‘பஸ்ஸுல ஆறு சீட்டு, நாட்டுல எத்தனை?’ அதுக்குக் கீழ கம்பிக் கூண்டுக்குள்ள ஒரு குண்டு அம்மா சாவகாசமா வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி தஸ்கீன் வரைஞ்சா. எல்லா போட்டோக்காரனும் அந்த அட்டையைத்தான் படம் பிடிச்சான். அவ இருந்தா இப்ப இந்த மீசைக்காரனை வரைஞ்சிருப்பா. இருந்தாவா? அது என்ன இருந்தா? இந்த பஸ்ஸுல இருந்தா. பக்கத்துல இருந்தா. அவ்வளவுதான் அர்த்தம், வேற அர்த்தமே கிடையாது, நீ வாயை மூடு. கோமதி தன்னைத்தானே அதட்டினது வெளிய கேட்டுடுச்சு போல, எதிர் சீட்டு அம்மா நிகாபை இழுத்து விட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

நுமாயிஷ் தாண்டறப்ப வெயில் நேரா மூஞ்சிக்கு வந்துச்சு. தஸ்கீனுக்கு இந்த வெயில்கூட உறைக்காம போன மாசம் ஒண்ணு இருந்துச்சு. ‘கோமதி, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்குடி. சாப்பாடு வாய்க்குள்ள இருக்கு, ருசி தெருவுல இருக்கு’ன்னு சொன்னா. அவ படிக்கிற ஓவியக் காலேஜ்ல அதே மாசம் மனநல வாரம் கொண்டாடுனாங்க. கொண்டாடுனாங்கன்னா நிஜமாவே கொண்டாடுனாங்க, மஞ்சள் பலூன் கட்டி, ‘சிரியுங்கள், எல்லாம் சரியாகும்’னு போர்டு வச்சு, கேக் வெட்டி, பிரின்சிபாலம்மா ரிப்பன் கத்திரிச்சாங்க. சிரியுங்களாம். தஸ்கீன் அந்தப் போர்டுக்குக் கீழ உக்காந்து வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்ததை நாலு பேரு போட்டோ எடுத்துப் போட்டாங்களே தவிர, ஏம்மா இப்படி இருக்கேன்னு ஒரு ஜீவன் கேக்கல. கோமதிதான் இழுத்துக்கிட்டுப் போனா. இவ அம்மா பெரிய ஆஸ்பத்திரியில வார்டு ஆயா, சீட்டு வாங்கிக் குடுத்து, டாக்டரம்மா ரூமு வரைக்கும் முன்னால நடந்து போய் விட்டுட்டு, யாருன்னு கேட்டவங்ககிட்ட ‘எங்க அக்கா பொண்ணு’ன்னு வாய் கூசாம சொன்னா. கோதுமைக் கலர்ல, மூக்கு நீளமா, சுத்தமான உருதுல பேசற அக்கா பொண்ணு! மாத்திரை குடுத்தாங்க. அதை எங்க வைக்கிறது? கால்சியம் மாத்திரை டப்பாவுல. ஏன்? அம்மிக்கு, அதான் அவ அம்மாவுக்கு, தெரிஞ்சா? தெரிஞ்சா என்ன? பைத்தியம்னு பேரு வந்தா எந்த வீட்டுலேருந்து மாப்பிள்ளை வருவான், ஜனம் என்ன சொல்லும்? அந்த ஜனத்தை வச்சு அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. உருதுல ஜனம் என்ன சொல்லும்னுதான் கேப்பாங்க, மொத்த ஜனமும். ‘எங்க பாஷை எவ்வளவோ மேல், எங்களுக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்கதான், நாலே நாலு பேரு, ஒரு ரிக்‌ஷாவுல ஏத்தி ஊருக்கு வெளிய ஹப் பக்கம் கொண்டு போய் இறக்கிவிட்டா ஆச்சு’ன்னு கோமதி சொல்லுவா. தஸ்கீன் சிரிச்சு சிரிச்சு மூக்குல டீ ஏறும். நாலு பேரு. தூக்கிட்டுப் போறதுக்கும் நாலு பேருதான் வேணும். ஐயோ, இந்த மனசுக்கு எங்கேருந்துதான் இப்படிப் புத்தி வருது, எந்தப் பக்கம் துரத்தினாலும் கடைசியில அந்த ஒரே வாசப்படியில வந்து படுத்துக்குது.

குருமந்திர் கிட்ட மீசைக்காரன் கொட்டாவி விட்டான். கோமதிக்குத் திடீர்னு யார் மேலயாவது பாயணும்போல இருந்துச்சு. ‘பாய்சாப், எழுந்திருங்க’ன்னா. அவன் ‘ஏம்மா, பின்னால இடமில்ல’ன்னான். ‘பின்னால இடமில்லன்னா முன்னால உங்களுக்கு இடமா? இங்க ஒரு அம்மா நிக்கிறாங்க, கண்ணு தெரியுதா, இல்ல அதையும் டிபன் கேரியர்ல போட்டு மூடி வச்சிருக்கீங்களா?’ அவன் முணுமுணுத்துக்கிட்டே எழுந்துட்டான். நின்ன அம்மா உக்காந்தாங்க, இவளைப் பாத்து, ‘நல்லா கேட்ட மகளே’ன்னாங்க. வேற நாளா இருந்தா அந்த ஒரு வார்த்தையில வீடு வரைக்கும் பறந்திருப்பா. இன்னைக்கு ஒண்ணும் ஏறல. நல்லா கேப்பேன், எல்லாரையும் நல்லா கேப்பேன், கேக்க வேண்டிய இடத்துல மட்டும் கேக்க மாட்டேன். அன்னைக்கு ஸ்டாப்புல தஸ்கீன் என்ன சொன்னா? ‘கை செத்துப் போச்சுடி’ன்னா. இந்தக் கூண்டைத்தான் அவ ஆளுயரத்துக்குப் படமா வரைஞ்சுக்கிட்டு இருந்தா, கடைசி வருஷத்துப் படம். ஒருத்தி தூங்கறா, ஒருத்தி நிகாபைக் கொஞ்சமாத் தூக்கிச் சமோசா கடிக்கிறா, ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தடவிக்கிறா. கடைசி சீட்டுப் பொம்பளைக்கு மட்டும் மூஞ்சி வரல. வரைஞ்சா, அழிச்சா, வரைஞ்சா, அழிச்சா. அவ காலேஜ் வாத்தியாரு வசீம் சார் வந்து பாத்துட்டு, ‘எல்லாம் சரி, ஆனா ரொம்ப சாதாரணமா இருக்கே, இன்னும் கொஞ்சம் கறுப்புத் துணி, இன்னும் கொஞ்சம் பயம் போடு, வெளிநாட்டுக்காரன் அதைத்தான் வாங்குவான்’னாராம். ஒரு பொம்பளை பஸ்ஸுல நிம்மதியா தூங்கினா யாரும் வாங்க மாட்டானாம், கழுத்தை நெரிச்சா வாங்குவானாம். அந்த ஆளை நாலு கேள்வி கேக்கணும்னு கோமதி அப்பவே துள்ளினா. தஸ்கீன், ‘வேண்டாம்டி, அவரு சொன்னதுனால இல்ல. எனக்குள்ள யாரோ லைட்டை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. கை செத்துப் போச்சு. நானும்…’னு இழுத்தா. அந்த இழுவையை இவ முடிக்க விடல. மறுநாள் பரீட்சை, ஒப்பந்தச் சட்டம், ஒரு பக்கம்கூடப் புரட்டல, தலை பத்தி எரியுது, சமாதானம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ‘அப்ப செத்துத் தொலை, போ’ன்னுட்டா. தமிழ்ல. சுத்தமான மதராசி பாடாத் தமிழ்ல.

சரி, கோர்ட்டு. கோமதிக்கு வேற வழி தெரியாது, எதா இருந்தாலும் மண்டைக்குள்ள கோர்ட்டு கூடிடும். கனம் கோர்ட்டார் அவர்களே, எங்க வீட்டுல அது திட்டே கிடையாது. எங்க அம்மா தினம் விடிஞ்சா அதைத்தான் சொல்றா. சோறு ஆறுது, செத்துத் தொலைங்க, வந்து தின்னுங்க. தலைக்கு எண்ணெய் வைடி, செத்துத் தொலை. வார்டுல தினம் சாவைப் பாக்கிறவ, செத்தவங்க உடம்பைத் துடைச்சு, நாடியைக் கட்டி, கால் கட்டை விரலைச் சேத்துக் கட்டி அனுப்பறவ, அவளுக்கு அது கொத்தமல்லி மாதிரி, எல்லாத்துலயும் தூவுவா. தஸ்கீனுக்கும் தெரியும். பாடாவுக்கு வர்றப்பல்லாம் அம்மாகிட்ட திட்டு கத்துக்கிட்டுப் போவா, கழுதை, எருமை, வெளங்காதவ, வரிசையா ஒப்பிப்பா, செத்துத் தொலைன்னு சொல்லிட்டுக் கையைத் தட்டிச் சிரிப்பா. எதிர்த் தரப்பு எழுந்திரிச்சுது. அன்னைக்குச் சிரிச்சாளா? இல்ல. மாத்திரை சாப்பிடறவன்னு உமக்குத் தெரியுமா? தெரியும். தெரிஞ்சும் சொன்னீர். சொன்னேன். அந்தம்மாகிட்ட, பெத்தவங்ககிட்ட, உன் பொண்ணுக்கு இப்படி இருக்கு, பாத்துக்கன்னு ஒரு வார்த்தை எச்சரிச்சீரா? இல்ல, சத்தியம் வாங்கிட்டா. ஊர்ல எல்லார் சத்தியத்தையும் உடைக்கச் சொல்லி மேடை போட்டுப் பேசறீரே, இந்த ஒரு சத்தியத்தை உடைக்க முடியலையோ? முடியல. முடியல, முடியல, போதும், உக்காரு. தீன் ஹட்டிப் பாலத்துல பஸ் ஏறுச்சு, கீழ லியாரி ஆறு, ஆறுன்னு பேருதான், கறுப்பா நாறிக்கிட்டு கிடந்துச்சு. எல்லாப் பொம்பளையும் ஒண்ணா துப்பட்டாவை மூக்குக்கு ஏத்துனாங்க. தஸ்கீன் இந்த நொடியையும் வரைஞ்சிருக்கா, ஆறு கையும் ஒரே சமயத்துல மேல போறதை, ஏதோ டான்ஸு மாதிரி. கோமதி மட்டும் மூக்கை மூடல. நாறட்டும். இன்னையோட மூணாம் நாளு. துக்க வீட்டுல மூணாம் நாளுதான் தஸ்கீனோட ஆளுங்கல்லாம் கூடி ஓதுவாங்க. வெள்ளை விரிப்பு விரிச்சு, தலையில முக்காடு போட்டு, பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து. ஃபராஸ் குரலுக்குப் பின்னால கேட்டுதே, அந்த முனகல்.

பத்தாம் நம்பர் ஸ்டாப்புல இறங்கினா. பிரியாணிக் கடை தாண்டி, தையல்காரர் கடை தாண்டி, முக்குல திரும்பினா தஸ்கீன் வீட்டுச் சந்து. திரும்பினா. சந்தை அடைச்சுப் பந்தல். கூடாரத் துணி ஒரு சுவத்துலேருந்து மறு சுவத்துக்குக் கட்டியிருக்கு, பிளாஸ்டிக் சேர் அடுக்கியிருக்கு, ரெண்டு ஆம்பளைங்க மௌனமா கயிறு இழுத்துக்கிட்டு இருக்காங்க, ஓரத்துல பெரிய சமையல் அண்டா கவுத்து வச்சிருக்கு. இந்த ஊருல கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே கூடாரம்தான், ஒரே சேருதான், ஒரே அண்டாதான், பாத்த உடனே எதுன்னு சொல்ல முடியாது, அது கோமதிக்கும் தெரியும், பொறந்து வளந்தவளுக்குத் தெரியாதா. ஆனா பயத்துக்குத் தெரியாது. கயிறு இழுக்கிறவங்ககிட்ட கேக்கப் போனவ, கேக்காமலே தாண்டி நடந்தா. அந்த வீட்டு வாசல்ல பொம்பளைங்க செருப்பு மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. ஊதுபத்தி வாசனை. கதவு திறந்தே கிடந்துச்சு. உள்ள, கூடத்துல இருந்த சாமானெல்லாம் ஒதுக்கிட்டு, சுவத்துக்குச் சுவர் வெள்ளை விரிப்பு. வெள்ளை. அதுல முக்காடு போட்ட பொம்பளைங்க வட்டமா உக்காந்து, குனிஞ்ச தலையோட, உதடு மட்டும் அசைய, அதே முனகல். நடுவுல ஏதோ குவியல். நஜ்மா ஆன்ட்டி, தஸ்கீனோட அம்மா, நிமிந்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. ‘வா கோமல்’னாங்க. கோமதிங்கிற பேரு அவங்க வாயில எப்பவும் கோமல்தான், கோமல்னா மென்மையானவளாம், இவளைப் போய். அந்தப் பேரைக் கேட்டதும் கோமதி வாசப்படியிலயே, செருப்புக் குவியலுக்கு நடுவுல, பொத்துன்னு உக்காந்துட்டா. அழுகையா, கத்தலா, அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வயித்துலேருந்து வந்துச்சு. ‘நான்தான் ஆன்ட்டி. நான்தான் சொன்னேன். நான்தான் செத்துத் தொலைன்னேன்.’

‘எதுக்குடி செருப்பு மேல உக்காந்து ஒப்பாரி வைக்கிற? அது ஷாஹிதா பாஜியோட புதுச் செருப்பு’ன்னு ஒரு குரல். சமையல்கட்டு வாசல்ல, கையில ஷர்பத் தட்டோட, தலைக்கு எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னி, கண்ணுக்குக் கீழ கருவளையத்தோட, நகத்துக்கிடுக்குல மஞ்சள் பெயின்ட்டோட, தஸ்கீன். நின்னா. நிக்கிறா. கோமதி அவளைப் பாத்தா, தட்டைப் பாத்தா, தட்டுல டம்ளர் நடுங்கறதைப் பாத்தா, செத்தவங்களுக்குக் கை நடுங்குமா, நடுங்காது, அப்ப இவ இருக்கா. உடம்புல எங்கயோ இறுக்கிக் கட்டியிருந்த கயிறை யாரோ ஒரே இழுப்புல அவுத்து விட்ட மாதிரி, மூச்சு முழுசா உள்ள போச்சு. மூணு நாளுல முதல் முழு மூச்சு. அடுத்த மூச்சுல கோவம் வந்துச்சு. ‘போன் எங்கடி?’ ‘பிரஷ் கழுவுற டர்பன்டைன் டப்பாவுல விழுந்துடுச்சு. ஒரு கையில பிரஷ்ஷு, ஒரு கையில துணி, தோள்ல இடுக்கிக்கிட்டு உனக்குத்தான் போன் போடப் பாத்தேன். முழுகிடுச்சு.’ ‘அப்ப வெளிய கூடாரம்?’ ‘அடுத்த வீட்டு சல்மான் பாய்க்குக் கல்யாணம்.’ ‘அப்ப இது?’ன்னு வெள்ளை விரிப்பைக் காட்டுனா. தஸ்கீன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஆன்ட்டி எழுந்து வந்து, இவளைத் தோளைப் பிடிச்சுத் தூக்குனாங்க.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. அன்னைக்கு ஸ்டாப்புலேருந்து தஸ்கீன் நேரா வீட்டுக்குப் போய், கால்சியம் டப்பாவை எடுத்து அம்மி மடியில கவுத்திருக்கா. இது கால்சியம் இல்ல அம்மி, எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கல அம்மின்னு சொல்லியிருக்கா. ஆன்ட்டி முதல்ல அடிச்சிருக்காங்க. அப்புறம் கட்டிப் பிடிச்சிருக்காங்க. மறுநாள் காலையில பர்தாவை மாட்டிக்கிட்டு, டாக்டரம்மா ரூமுக்குத் தானே கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. அதோட நிக்கல. சாயங்காலம் மாடி மாடியா ஏறி இறங்கி, என் பொண்ணு மனசுக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் வந்து ஓதுங்கன்னு சந்து முழுக்கச் சொல்லிட்டாங்க. மீன் வயித்துக்குள்ள மாட்டிக்கிட்ட நபி யூனுஸ் இருட்டுல கிடந்து சொன்ன துஆவாம், அவங்க பிரார்த்தனை, கஷ்டம் தீர லட்சக் கணக்குல ஓதணுமாம், ஒரு தடவை ஓதினா ஒரு கொட்டையை எடுத்து அந்தப் பக்கம் போடணும். யாருக்குத் தெரியக் கூடாதுன்னு டப்பா மாத்தி ஒளிச்சு வச்சாங்களோ, அந்த ஜனம் மொத்தமும் இங்க முக்காடு போட்டு உக்காந்து ஓதிக்கிட்டு இருந்துச்சு. சந்துலயே பெரிய வாயின்னு பேரெடுத்த மாடி வீட்டு ஷாஹிதா பாஜி எல்லாருக்கும் முன்னால உக்காந்து, அடுத்தவங்க குவியலையும் பிடுங்கிப் பிடுங்கி ஓதிக்கிட்டு இருந்தாங்க. கோமதிக்குள்ள வக்கீலு தலை தூக்குனா. ‘ஆன்ட்டி, இதெல்லாம் சரி, ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஓதினா மட்டும்…’ ஆன்ட்டி முடிக்க விடல. ‘மாத்திரை அவளுக்குடி. காலையில நானே கையில குடுத்து, முழுங்கிட்டாளான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கிறேன். இது எனக்கு. பெத்தவளுக்கு ஏதாவது செய்யணும்ல? சும்மா உக்காந்து அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா அவளுக்கும் பைத்தியம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.’ கேஸுல தோக்கறது இவ்வளவு சுகமா இருக்கும்னு கோமதிக்கு இதுவரைக்கும் தெரியாது. ஆன்ட்டி அதோட விடல, கண்ணை உருட்டுனாங்க. ‘ஆனா நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். உங்க அம்மாவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன, புலியா?’

சமையல்கட்டுல தண்ணி குடிக்கிறப்ப தஸ்கீன் பக்கத்துல வந்து நின்னா. ரெண்டு பேரும் சிங்க்கைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ‘படம்?’னு கேட்டா கோமதி. ‘ஒரு காது வரைஞ்சேன்.’ ‘காதா?’ ‘கடைசி சீட்டுக்காரிக்கு மூஞ்சி வேண்டாம்னுட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. காது மட்டும் தெரியுது, மஞ்சள் தோடோட. அவ மூஞ்சி அவளுக்கு, வசீம் சாருக்கு எதுக்கு?’ கோமதிக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் கூடவே வந்துச்சு. ‘நான் சொன்னது…’ன்னு ஆரம்பிச்சா. தஸ்கீன் குழாயைத் திறந்தா, மூடினா. ‘பஸ்ஸுல வீடு வரைக்கும் அழுதேன். இவளும் சொல்லிட்டான்னு நினைச்சேன். நிஜமா, பாலத்து மேல போறப்ப கீழ பாத்தேன் கோமதி. அப்புறம் அந்த நாத்தம். சீச்சீ, இதுலயான்னு தோணுச்சு.’ கையைத் துப்பட்டாவுல துடைச்சுக்கிட்டா. ‘உங்க அம்மா சொல்றப்ப பின்னாலயே சோறு வரும்டி. நீ சொன்னப்ப ஒண்ணும் வரல. இனிமே அதைச் சொல்லாத.’ ‘சொல்ல மாட்டேன்.’ ‘எனக்கு இன்னும் சரியாகல, தெரியுமில்ல? காலையில எழுந்திருக்கவே முடியல.’ ‘தெரியும்.’ ‘அதுக்காக ஆஸ்பத்திரியில பேசற மாதிரி என்கிட்ட மெதுவாப் பேசாத, அது அதை விடக் கொடுமை. வேற ஏதாவது திட்டு.’

கூடத்துல கோமதிக்கும் இடம் விட்டாங்க. துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்தா. ஆன்ட்டி ஒரு கை நிறைய அள்ளி அவ முன்னால கொட்டினாங்க. பழுப்பா, பளபளன்னு, புளியங்கொட்டை. ‘உங்க வீட்டுதுதான். போன வருஷம் நான் கேட்டு, நீ பை நிறையக் கொண்டு வந்து குடுத்தியே.’ ஏதோ வைத்தியத்துக்குக் கேக்கிறாங்கன்னு நினைச்சு, அம்மா குழம்புக்குக் கரைச்சு மிச்சம் வச்ச கொட்டையெல்லாம் காயப் போட்டுக் கொண்டு வந்து குடுத்தது. வார்டுலேருந்து வந்து கையைக் கழுவிட்டு, செத்துத் தொலைங்கன்னு கத்திக்கிட்டே புளி கரைக்கிற அம்மா கையிலேருந்து வந்த கொட்டை, இங்க இத்தனை பொம்பளைங்க விரல்ல. ‘எனக்கு ஓதத் தெரியாதே ஆன்ட்டி.’ ‘உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. கேக்கிறவனுக்கு எல்லா பாஷையும் தெரியும்.’ தெரிஞ்சதுன்னா? பாடாவுல கோயில் இருக்கு, வருஷம் ஒரு தடவை போவா, சுண்டல் வாங்குவா, வந்துடுவா. மனப்பாடமா இருக்கிறது சட்டப் பிரிவும் அம்மா திட்டும்தான். எதிர் வரிசையில தஸ்கீன் வந்து உக்காந்தா, அலுத்துப் போய், கண்ணு சொருக, தன் பங்குக் கொட்டையை வச்சுக்கிட்டு. கோமதி ஒரு கொட்டையை எடுத்தா. உதட்டுக்குள்ளயே, ‘கழுதை’ன்னா. அந்தப் பக்கம் போட்டா. ‘எருமை.’ போட்டா. ‘சோம்பேறி. மூஞ்சியைப் பாரு. தத்தி. போனைக் கொண்டு போய் டர்பன்டைன்ல முக்குனவளே.’ ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொட்டை. கண்ணுலேருந்து தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு, தொடைக்கல. பக்கத்துல ஷாஹிதா பாஜி முழங்கையால ஆன்ட்டியை இடிச்சாங்க. ‘நஜ்மா, இந்தப் பொண்ணு உதட்டைப் பாரு. எவ்வளவு உருக்கமா ஓதறா, மாஷா அல்லாஹ்.’ அதைக் கேட்டு தஸ்கீன் நிமிந்து பாத்தா. கோமதி உதட்டைப் பாத்தா. அப்ப கோமதி, ‘வெளங்காத வெண்டைக்கா’ன்னுக்கிட்டு இருந்தா. அந்த உதட்டு அசைவு தஸ்கீனுக்குத் தெரியும், பாடாவுல அம்மா முன்னால நின்னு எத்தனை தடவை ஒப்பிச்சது. அவ கன்னம் லேசா உப்புச்சு. துப்பட்டாவை எடுத்து வாயில அடைச்சுக்கிட்டா. தோள் குலுங்குச்சு. ‘அழாத பேட்டா, அழாத’ன்னு யாரோ முதுகைத் தடவிக் குடுத்தாங்க. துப்பட்டாவையும் தாண்டி மூக்கு வழியா ஒரு சத்தம் பிச்சுக்கிட்டு வந்துச்சு, டீ ஏறுன மாதிரி, அவ கையிலேருந்த கொட்டையெல்லாம் வெள்ளை விரிப்புல உருண்டு ஓடுச்சு. கோமதி தலையைத் தூக்கல. உருண்டு வந்ததுல ஒண்ணைப் பொறுக்கி எடுத்தா. ‘குரங்கே’ன்னா. குவியல்ல இன்னும் நிறைய இருந்துச்சு.